குழலும் ஊசியும்

அக்குபங்சரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு இரண்டு வழிகளில் ஒன்றில் போய்விடுகிறது. ஐயாயிரம் ஆண்டுப் பழமை, சீன ஞானம், உடலில் ஓடும் உயிராற்றல் என்று ஒரு சாரார் தொடங்குவர். ஆய்வில் நிற்காதது, வெறும் நம்பிக்கை என்று மறுசாரார் முடிப்பர். இவ்விருவர் சண்டையில் விடுபட்டுப் போகும் ஒரு வரலாறு உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஜப்பானில் இந்த ஊசியைப் பிடித்த கைகளில் கணிசமானவை பார்வையற்றோரின் கைகள். அங்கே 'வலி தீருமா?' என்னும் கேள்வி ஒருபோதும் தனியாகக் கேட்கப்படவில்லை. 'இவர்கள் எதைக் கொண்டு பிழைப்பது?' என்னும் இன்னொரு கேள்வி எப்போதும் அதனடியில் கிடந்தது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஊசி மருத்துவம் 6-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கொரியா வழியாக ஜப்பானுக்கு வந்தது. தொடக்கத்தில் அது அரசவை வைத்தியர்களின் கல்வி. சீன நூல்களைப் படிக்க வல்லோருக்கே உரியது. பார்வையற்றோருக்கு முதலில் வாய்த்த தொழில் மருத்துவம் அன்று, பாட்டு. பிவா என்னும் நரம்புக் கருவியை மீட்டி, தைரா குலத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் ஹெய்கே கதையைப் பாடித் திரிந்தவர்கள் அவர்கள். இக்கதைபாடிகளின் கூட்டமே காலப்போக்கில் 'தோதோசா' என்னும் சங்கமாக இறுகியது. உச்சியில் கெங்யோ, பின் பெத்தோ, கோதோ, அடியில் சாத்தோ எனப் படிநிலைகள். அவற்றுக்குள் உட்பிரிவுகள் பல. படியேறப் பணம் கட்ட வேண்டும். பெண்களுக்கு அதில் இடமில்லை. 'கோசே' எனப்பட்ட பார்வையற்ற பாடகியர் தமக்கெனத் தனிக் குழுக்களை வைத்துக்கொண்டனர். எடோ காலத்தில் (1603–1868) ஷோகுன் அரசு இச்சங்கத்தை அங்கீகரித்துக் காத்தது. இசையோடு அன்மா என்னும் உடல்பிடித்தலும், ஊசியும், வட்டிக்கு விடுவதும் அவர்கள் தொழில்களாயின. வாள் வீசும் குருடனாகத் திரையில் நாம் கண்ட சாத்தோஇச்சியின் பெயரிலேயே அந்தக் கடைசிப் படியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1962 முதல் ஷிந்தாரோ கட்சுவும், 2003இல் தகேஷி கிதானோவும் ஏற்ற அப்பாத்திரம் வாளை உருவாத நேரங்களில் பிழைப்புக்குச் செய்வது உடல்பிடித்தலைத்தான். ஜுனிசிரோ தானிசாகி 1931இல் எழுதிய 'குருடனின் கதை'யின் கதைசொல்லியும் அத்தொழிலினனே.

ஊசியை இவர்களுடைய தொழிலாக நிலைநிறுத்தியவர் சுகியாமா வாயிச்சி. 1610இல் ட்சு என்னும் ஊரில் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் நோயால் பார்வையிழந்தவர். எடோ நகருக்குச் சென்று (இன்றைய டோக்கியோ) யாமாசே தகுயிச்சி என்னும் பார்வையற்ற ஆசிரியரிடம் ஊசி கற்கச் சேர்ந்தார். மந்த புத்தி, மறதி, கை வராது என்று ஆசிரியர் அவரை வெளியேற்றிவிட்டார். சுகியாமா ஏனோஷிமா தீவுக்குப் போய், கலைகளின் தெய்வமான பென்சாய்த்தெனின் குகையில் உண்ணா நோன்பிருந்தார். (பென்சாய்த்தென் நம் சரசுவதிதான், பௌத்தத்தோடு கடல் கடந்து போனவள்.) நோன்பு முடிந்து திரும்பும் வழியில் ஒரு கல்லில் இடறி விழுந்தார். உடலில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால், சுருண்ட இலையொன்றினுள் ஒரு பைன் ஊசியிலை. சிலர் மூங்கில் குழல் என்பர். ஊசியைக் குழலுக்குள் இட்டுச் செலுத்தலாம் என்னும் எண்ணம் அப்போது பிறந்ததாம்.

கதை அழகானது, அழகான கதைகளுக்குரிய ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும். இடறிய கல் இதுவே என்று ஏனோஷிமாவில் இன்றும் ஒரு கல்லைக் காட்டுகிறார்கள். ஆனால் கதையின் உள்ளே ஒரு கைவினைஞனின் நிஜமான சிக்கல் இருக்கிறது. மெல்லிய ஊசியைத் தோலில் ஏற்றுவது எளிதன்று. அழுத்தினால் வளையும், தயங்கினால் வலிக்கும். சீன முறையில் இதற்கு விடை சற்றுத் தடித்த ஊசியும் தேர்ந்த கண்ணும் கையும். குழல் இச்சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. குழலை இடக்கை விரல்களால் தோல்மேல் அழுத்திப் பிடிக்கிறார்கள். உள்ளிருக்கும் ஊசி குழலைவிடச் சில மில்லிமீட்டர் மட்டுமே நீளம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அத்தலையை ஆட்காட்டி விரலால் மெல்லத் தட்ட, அந்த அளவே ஊசி உள்ளே போகும். ஊசி வளைய இடமில்லை. குழலின் அழுத்தத்தில் குத்தும் வலி அநேகமாகத் தெரிவதில்லை. எங்கே, எவ்வளவு ஆழம் என்பது பார்வையால் அன்றித் தொடுகையாலேயே முடிவாகிவிடுகிறது. மயிரிழை போன்ற ஊசிகள் இதனால் சாத்தியமாயின. ஜப்பானில் வழங்கும் முதல் எண் ஊசியின் தடிமன் 0.16 மில்லிமீட்டர்தான். பார்வையற்ற ஒருவரின் தேவைக்காகப் பரவிய இந்தக் குழல், பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகளோடு இன்று உலகெங்கும் விற்கப்படுகிறது.

குழல் மட்டுமன்று. இலக்கியம் அறிந்தோரின் மருத்துவத்தில் நாவின் நிறத்தையும் முகத்தின் பொலிவையும் பார்ப்பது பெரிய கலை. பார்வையற்றவருக்கு அது மூடிய கதவு. அவர் நம்பியது நாடியையும், வயிற்றைத் தடவி இறுக்கமும் தளர்வும் சூடும் குளிர்ச்சியும் அறிவதையும். வயிற்றைத் தொட்டறியும் முறை ஜப்பானிய மருத்துவத்தில் தழைத்ததற்கு இவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அம்மண்ணில் அது அவ்வளவு ஆழ வேரூன்றியதில் இவர்களுக்குப் பங்கில்லை என்று கருதுவது கடினம். 'முழுமை மருத்துவம்' என்று இன்று விளம்பரங்களில் காணும் சொல்லுக்கு, நோயாளியின் உடல் முழுவதையும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்த இந்தக் கைகளைவிடப் பொருத்தமான பொருள் நமக்குத் தெரியவில்லை.

சுகியாமா கியோத்தோவில் இரியே மரபினரிடம் மீண்டும் கற்று, எடோ திரும்பிப் புகழ் பெற்றார். ஷோகுன் த்சுனயோஷிக்கு மருத்துவம் பார்க்கும் நிலைக்கு உயர்ந்தார். அந்த ஷோகுனின் ஆணைப்படி 1682இல் பார்வையற்றோருக்கு ஊசியும் உடல்பிடித்தலும் கற்பிக்கும் கூடம் தொடங்கப்பட்டது. பாரிசில் வாலந்தேன் ஆயுய் பார்வையற்றோர் பள்ளியைத் திறந்தது 1785இல் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். என்ன வேண்டும் கேள் என்று ஷோகுன் கேட்க, 'ஒரு கண் போதும்' என்றாராம் சுகியாமா. ஷோகுன் 'ஒரு கண்' என்றும் பொருள்படும் ஹொன்ஜோ ஹிதோத்சுமே என்னும் பகுதியில் நிலம் கொடுத்தார். சிலேடையைக் கேட்டுப் புன்னகைக்கத் தோன்றும். கேட்டவர் புன்னகைத்திருப்பாரா என்பது வேறு. நிலம் கிடைத்தது 1693இல். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். மாணவர் மிஷிமா யாசுயிச்சி அக்கூடங்களை நாட்டின் 45 இடங்களுக்குப் பரப்பினார்.

ஏறத்தாழ அதே காலத்தில், தெஜிமா தீவின் டச்சு வணிகநிலையத்தில் 1674 முதல் 1676 வரை மருத்துவராக இருந்தவர் வில்லெம் தென் ரைன். அவர் 1683இல் லண்டனில் வெளியிட்ட நூல்தான் 'அக்குபங்ச்சுரா' என்னும் லத்தீன் சொல்லை உலகுக்குத் தந்தது. ஆக, நாம் சீனப் பெயராக எண்ணி வழங்கும் சொல், ஜப்பானில் கண்டதற்கு ஒரு டச்சுக்காரர் சூட்டிய லத்தீன் பெயர்.

இதையெல்லாம் பொற்காலமாக எழுதிவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். சங்கத்தின் மேல்படியினர் கொடுத்த கடன் கொடுமையான வட்டிக்குப் பேர்போனது. 1778இல் அரசே சில கெங்யோக்களைத் தண்டிக்க நேர்ந்தது. இன்னொரு கொடுமை கண்ணுக்குத் தெரியாதது. பார்வையற்றவன் என்றால் இசை, இல்லையேல் உடல்பிடித்தலும் ஊசியும் என்று பிறர் முடிவு செய்துவிட்ட வாழ்வு அது. ஹனாவா ஹோகிஇச்சி (1746–1821) அதில் அகப்பட்டவர். ஊசியும் உடல்பிடித்தலும் இசையும் எதுவுமே அவருக்குக் கைவரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. நல்லவேளையாக அவருடைய ஆசிரியர், விரும்பிய கல்வியைக் கற்க அவரை விட்டுவிட்டார். பிறர் படிக்கக் கேட்டு நினைவில் ஏற்றியே பேரறிஞரான அவர், ஜப்பானின் பழைய நூல்களைத் தொகுத்து 'குன்ஷோ ருயிஜூ' என்னும் மாபெரும் வரிசையை 1819இல் அச்சில் நிறைவேற்றினார். அதற்கெனச் செதுக்கிய பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகள் டோக்கியோவில் காக்கப்படுகின்றன. 1937இல் ஜப்பான் சென்ற ஹெலன் கெல்லர், சிறுமியாக இருந்தபோதே தம் தாய் சொல்லக் கேட்டறிந்த அந்த மனிதரின் நினைவகத்தைத் தேடிப் போனார். சுகியாமாவைப் போலவே ஹனாவாவும் கை வராத மாணவர்தான். ஒருவர் தொழிலை மாற்றினார். மற்றவர் தொழிலை விட்டார். இவ்விரண்டும் கிட்டாமல், இரவில் சிறு ஊதலை ஊதிக்கொண்டு எடோ தெருக்களில் ஆள் தேடி நடந்த பல்லாயிரவர் பெயர் எந்நூலிலும் இல்லை.

மெய்ஜி அரசு 1871இல் தோதோசா சங்கத்தை ஒரே ஆணையில் கலைத்தது. படிநிலை, சலுகை, வருமானம் யாவும் போயின. சமத்துவத்தின் பெயரால் நடந்தது. விளைவு பார்வையற்றோரின் வறுமை. 1874இன் மருத்துவச் சட்டம் மேற்கத்திய மருத்துவத்தை நெறியாக்கி, ஊசியிடுவோர் மருத்துவரின் ஆணையின்றித் தொழில் செய்யலாகாது என்றது. எனினும் கலை அழியவில்லை. கியோத்தோவில் 1878இலும் டோக்கியோவில் அதையடுத்தும் எழுந்த புதுப் பள்ளிகள், வேறு வழி காணாமல், பழைய தொழிலையே கற்பித்தன; இம்முறை மேற்கத்திய உடற்கூறியலோடு சேர்த்து. 1890இல் ஜப்பானியப் புடைப்பெழுத்து ஏற்கப்பட்டது. நரம்பு, தசை, எலும்பு என்று விரலால் படித்த ஒரு தலைமுறை உருவாயிற்று. 1911இல் உரிம விதிகள் நாடு முழுமைக்கும் வந்தன.

பெரிய ஆபத்து 1947இல் வந்தது. தோற்ற நாட்டை ஆண்டுகொண்டிருந்த நேசநாட்டுப் படைத் தலைமையகம், ஊசியும் மோக்சாவும் அறிவியலுக்கும் சுகாதாரத்துக்கும் புறம்பானவை, தடை செய்க என்றது. மோக்சா என்பது மாசிப்பத்திரி இனச் செடியின் இலைப்பஞ்சைத் தோலருகிலோ தோல்மேலோ வைத்துக் கொளுத்துவது. போர்க் கைதிகளுக்கு அதைச் செய்தபோது சித்திரவதை என்று எண்ணிவிட்டார்கள் என்றும் சொல்லப்படுவதுண்டு. பார்வையற்றோர் பள்ளிகளின் மாணவரும் ஆசிரியரும் மனுக்களோடு திரண்டனர். அவர்கள் கேட்டது மரபின் பெருமையை அன்று, சோற்றை. உடலியங்கியல் பேராசிரியர் இஷிகாவா ஹிதெத்சுருமாரு, மியே மாநிலத்து இராணுவ நிர்வாகத்தினர் முன் ஊசியைச் செயலில் காட்டி, நரம்பு மண்டலத்தின் வழியாக அதை விளக்கினார். மியேயின் தலைநகர் ட்சு. சுகியாமா பிறந்த அதே ஊர். இஷிகாவா அவ்வாண்டிலேயே இறந்தார். டிசம்பரில் தடைக்கு மாறாக உரிமச் சட்டம் நிறைவேறியது. காத்தது அறிவியலா, பசியா என்று பிரித்துச் சொல்ல இயலாது. பசிதான் முதலில் குரல் கொடுத்தது என்பது நம் எண்ணம்.

சரி, வலி தீருமா? ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 1162 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தது. முறையான அக்குபங்சரில் 47.6 விழுக்காட்டினர் தேறினர். புள்ளிகளுக்கு விலகி, மேலோட்டமாகக் குத்திய 'போலி' அக்குபங்சரில் 44.2 விழுக்காடு. மருந்தும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காடு. பதினெட்டாயிரம் நோயாளிகள் அளவில் தரவுகளைத் திரட்டிய 2012-ஆம் ஆண்டு ஆய்வு, உண்மை ஊசிக்குப் போலியைவிடச் சற்றே கூடுதல் பயன் என்றது. ஊசியே இல்லாமையைவிட வேறுபாடு பெரிது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுக் குழு முதுகுவலிக்கு 2009இல் பரிந்துரைத்து, 2016இல் விலக்கி, பிறகு 2021இல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு மீண்டும் ஒரு வழியாகச் சேர்த்தது. இத்தனை ஊசலாட்டத்துக்கும் காரணம் அந்த 'போலி'தான். ஆழமாகக் குத்தாமல், தோலை மேலாகத் தீண்டுவதை மேற்கு போலி என்று வைத்துக்கொண்டது. ஜப்பானில் அது போலி அன்று; தோலை ஊசிநுனியால் தொட்டு மட்டும் எடுக்கும் சிகிச்சை அங்கே ஒரு முறையாகவே பயிலப்படுகிறது. நாளங்கள் உடலைக் கீறினால் தென்படுவதில்லை. புற்றையும் தொற்றையும் ஊசி தீர்க்காது. ஆனால் ஒரு கை பொறுமையாகத் தேடி, வலிக்கும் இடத்தைக் கண்டு, அங்கே நிற்பதன் பயனை ஊசியின் பயனிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று ஆய்வாளர் வற்புறுத்தும்போது, கழிக்கப்படுவது எதுவோ அதையே சுகியாமாவின் மாணவர்கள் தம் கலையென்று எண்ணியிருப்பார்கள்.

ஜப்பானில் இன்று ஊசியிடுவோரில் பெரும்பாலோர் பார்வையுள்ளவர்கள். பார்வையற்றோரின் பிடி தளர்வது முன்பே தெரிந்திருந்தது. உடல்பிடித்தல் தொழிலிலேனும் அவர்களைக் காக்கவென, பார்வையுள்ளோருக்கான புதுப் பள்ளிகளை அரசு கட்டுப்படுத்தலாம் என்னும் விதி 1964இல் சேர்க்கப்பட்டது. தொழில் தேர்வுச் சுதந்திரத்துக்கு அது எதிரானது என்று பிற்காலத்தில் வழக்கு எழுந்தது. 2022 பிப்ரவரியில் ஜப்பானின் உச்சநீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஊசிக்கு அத்தகைய காப்பு இல்லை. பார்வையற்றோர் பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்பு மட்டும் தொடர்கிறது. முடிவில் எழுதும் தேசியத் தேர்வின் வினாத்தாள் புடைப்பெழுத்திலும் தரப்படுகிறது.