ராபின் என்கிற வேலை

பேட்மேனுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேணும். 1940இல் ராபின் அப்படித்தான் உருவானான். சர்க்கஸில் பெற்றோரைப் பறிகொடுத்த டிக் கிரேசன் என்ற சிறுவன். கேட்கவும் வியக்கவும் மட்டுமே அனுமதிக்கப்பட்ட குரல். 1969 கடைசியில்தான் அவனைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். மார்வ் வுல்ஃப்மன், ஜார்ஜ் பெரெஸ் கதையில் 1984இல் 'நைட்விங்' ஆகிறான். சொந்தக் காலில் நிற்க 44 வருஷம்! அந்தப் பெயரும் சூப்பர்மேன் கதையில் வாங்கிய இரவல்.

இதை விடுதலைக் கதையாடலாக வாசிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஆள்தான் போனான், வேலை காலியாகல. அதே உடைக்குள் ஜேசன் டாட் என்ற இன்னொரு பையனை நுழைத்தாயிற்று. 1988இல் அவன் சாகட்டுமா என்று டிசி நிறுவனம் வாசகர்களிடமே தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் 5,343, வேண்டாம் 5,271. மறுவருஷமே மூன்றாவது பையன் வந்து சேர்ந்தான்.