வேலியோரத்துக் கிழங்கு

கார்த்திகைப்பூவைத் தமிழர் நேசித்த காலம் எவ்வளவு பழையதோ, அதை எட்டத்தில் வைத்த காலமும் அவ்வளவு பழையது. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் முதலில் வருவது செங்காந்தள் என்னும் இதே பூ. அது மலையில் பூத்தது. ஈழத்தில் வேலியிலும் பற்றையிலும் படர்ந்தது. கறித்தோட்டத்தில் யாரும் நடவில்லை. சித்த வைத்தியர்கள்கூட அதன் கிழங்கைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் மூலனூர், தாராபுரம் பக்கத்து உழவர்கள் இன்று அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். சூலகத்தண்டு ஒருபுறம் மடங்கியிருப்பதால் காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அவர்கள் விற்பது விதையை. அதிலுள்ள கோல்சிசின் கீல்வாத மருந்தாகிறது. உயிரணுக்கள் பிரிவதைத் தடுப்பது அதன் வேலை, கிழங்கு நஞ்சாவதும் அதனாலேயே.

1983க்குப் பிறகு சிட்னிக்கு வந்து பென்டில் ஹில், வென்ட்வர்த்வில், டூங்காபி என்று குடியமர்ந்த ஈழத்தமிழருக்கு இது மாவீரர் நாளான நவம்பர் 27இல் நினைவேந்தும் பூ. அதை வீட்டில் வளர்க்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால் பூ வந்த வேகத்தில் அதை எட்டத்தில் வைக்கும் அந்த இடைவெளி வரவில்லை என்பதே என் கவலை. இங்கே பின்வளவு சிறியது; கறிவேப்பிலையும் மஞ்சளும் இராசவள்ளியும் அருகருகே நிற்கும். குளிர்காலத்தில் கொடி பட்டுப்போய்விடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். விரல் தடிப்பில், கலப்பைபோல இரண்டாகப் பிரிந்து, வெட்டினால் வெள்ளையாக இருக்கும். பார்த்தால் உண்ணும் கிழங்கென்றே தோன்றும்.

"ஊரில் இதோடுதானே வளர்ந்தோம், என்ன ஆயிற்று?" என்பார்கள். ஆயிற்று. உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டு இலங்கையில் இறந்தவர்கள் உண்டு. நஞ்சுண்டு பிழைத்த ஒருவரின் தலைமுடி முழுவதும் உதிர்ந்ததை 1966இல் இலங்கை மருத்துவர் குணரத்ன பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும்தான். எலும்புமச்சை பாதிக்கப்படுவது சில நாள் கழித்தே தெரியும். மாற்றுமருந்து வழக்கத்தில் இல்லை.

அப்படியானால் பிடுங்கி எறிவதுதானே என்பது மறுபக்க வாதம். நியூ சவுத் வேல்ஸின் கரையோர மணல்மேடுகளில் இது களையாகப் பரவியிருப்பதால் அதற்கும் வலு உண்டு. ஆனாலும் இந்தப் பூவை மக்கள் விடமாட்டார்கள், விடவும் வேண்டியதில்லை. நிலத்தில் நடாமல் பெயரெழுதிய தனித்தொட்டியில், மரக்கறிப் பாத்திக்கும் பிள்ளைகள் கைக்கும் எட்டாமல் வைக்கலாம். மண் மாற்றும்போது கையுறை வேண்டும். வேண்டாத கிழங்கை உரக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் இட வேண்டும். யாராவது வாயில் வைத்துவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் 13 11 26 என்ற எண்ணில் நச்சுத் தகவல் மையத்தை அழைத்து, மிச்சக் கிழங்கையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.