மாண்டேகு கேட்ட இரு வழக்குகள்

1917ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், இந்தியர்க்குப் பொறுப்பாட்சி படிப்படியாக வழங்கப்பெறும் என்று இந்தியா மந்திரி எட்வின் மாண்டேகு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அறிவித்தார். பள்ளிப் பாடநூல்கள் அறிந்த செய்தி இது. மூன்று நாள் கழித்து அவரே தம் அரசுக்கு எழுதிய மற்றொரு குறிப்புத்தான் தமிழில் அதிகம் பேசப்படாதது.

பாலஸ்தீனத்தில் யூதர்க்குத் தேசியத் தாயகம் அமைக்கப் பிரிட்டன் துணை நிற்பதை மறுத்து எழுதப்பட்டது அக்குறிப்பு. மறுத்தவரும் ஒரு யூதரே! யூதர் ஒரு மதத்தார். தனித்த தேசிய இனத்தார் அல்லர் என்பது அவர் துணிபு. தாயகம் ஒன்று காட்டப்பட்டுவிட்டால், "உன் நாடு அதுவன்றோ" என்று ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிகளை வெளியேற்ற முனையும்; பாலஸ்தீனத்து முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தம் மண்ணிலேயே அந்நியராவர் என்று அவர் அஞ்சினார். அவருடைய பெரிய தந்தையின் மகன் ஹெர்பர்ட் சாமுவேலோ சியோனியத்தை ஆதரித்தவர். 1920இல் பாலஸ்தீனத்தின் முதல் ஹை கமிஷனராகவும் ஆனார்.

அக்டோபரில் மாண்டேகு இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவர் இல்லாத லண்டனில் நவம்பர் 2ஆம் நாள் பால்பர் அறிக்கை வெளிவந்தது. பிற நாட்டு யூதரின் உரிமையும் அரசியல் நிலையும் குன்றலாகாது என்று அதில் ஒரு தொடர் உண்டு. அவரது எதிர்ப்பு விட்டுச்சென்ற தடம் அது.

டிசம்பரில் சென்னைக்கு வந்தார். தனிப் பிரதிநிதித்துவம் கோரிப் பிராமணரல்லாதார் அவர்முன் முறையிட்டனர். வகுப்புவாரித் தேர்தல் தேச உணர்வுக்குப் பகை என்றது 1918ஆம் ஆண்டின் மாண்டேகு-செம்ஸ்போர்டு அறிக்கை; முஸ்லிம்களுக்கும் சீக்கியர்க்கும் விலக்களித்துச் சென்னையின் கோரிக்கையை மறுத்தது. லண்டனில் பிடித்த அளவுகோலையே இங்கும் பிடித்தார் போலும். ஆனால் இவ்விரு வழக்கும் ஒன்றல்ல. சென்னையார் கேட்டது நாடன்று, சட்டசபையில் இடம். டாக்டர் டி.எம். நாயர் லண்டன் வரை சென்று வாதாடினார். 1920இல் மெஸ்டன் தீர்ப்பு 28 இடங்களை ஒதுக்கியது.

இலுப்பூர் அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர். ஆதலின் மாண்டேகுவின் சீர்திருத்தம் இவ்வூரைத் தீண்டவில்லை. எல்லைக்கு அப்பால் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலோ சொத்துடையோர் சட்டசபைக்கு வாக்களித்தனர்.

துருக்கி குறித்த இந்திய முஸ்லிம்களின் மனக்குறையை எடுத்துரைத்த அரசுத் தந்தி வெளியாக இசைந்தமைக்காக மாண்டேகு 1922இல் பதவி இழந்தார், 1924இல் மறைந்தார். 1947 நவம்பர் 29இல் ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனப் பிரிவினையை 33க்கு 13 என ஏற்றபோது, எதிர்த்த பதின்மூவருள் இந்தியாவும் ஒன்று. 1948 மார்ச் 3இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. மே 14இல் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது.