பிட்சைப் பாத்திரம் போன பாதை

புத்தர் தம் துறவிகளுக்கு அனுமதித்த சொற்ப உடைமைகளில் தலையாயவை இரண்டு: உடுக்கத் துவராடை, உண்ண ஒரு பாத்திரம். பாத்திரம் மண்ணாலோ இரும்பாலோ ஆனதாக இருக்க வேண்டும். பொன், வெள்ளி, மரம் கூடாது. விரிசல் விட்டால் ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து ஒட்டுகூட விழாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதியது கேட்பது குற்றம் என்கிறது விநயம் என்னும் துறவு ஒழுக்க விதி. தினமும் காலையில் அதை ஏந்தி ஊருக்குள் போவார்கள். விழுந்ததை உண்டு, கழுவி வைப்பார்கள். மணிமேகலை கையில் ஏந்தியதும் இந்த மரபின் பாத்திரம்தான்.

சீனாவுக்கு இது பௌத்தத்தோடு போனது. ஜென் பரம்பரை தன் பாத்திரத்தின் கதையைப் போதிதர்மரிடமிருந்து தொடங்குகிறது. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. காஞ்சிபுரத்துக்காரர் என்பது பிற்கால மரபு. அவருடைய அங்கியும் பாத்திரமும் குருவிடமிருந்து சீடருக்குக் கைமாறி, ஐந்தாம் குரு ஹோங்ரென்னிடம் வந்தன என்பார்கள்.

அவர் மடத்தில் படித்த துறவிகள் பலர் இருந்தார்கள். பாத்திரமோ நெல் குத்தும் கொட்டகைக்குப் போனது. அங்கே ஹுயிநெங் என்ற இளைஞர் காலால் மிதிக்கும் உலக்கையில் எட்டு மாதமாக நெல் குத்திக்கொண்டிருந்தார். விறகு விற்றுப் பிழைத்தவர், எழுத்தறியாதவர். உடல் எடை போதாமல் இடுப்பில் ஒரு கல்லையும் கட்டிக்கொண்டு மிதித்தாராம். நள்ளிரவில் அவரை அழைத்துத்தான் குரு பாத்திரத்தைக் கொடுத்தார் என்கிறது மரபு. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். தங்கள் ஆறாம் குருவை உலக்கையடியில் கண்டெடுத்ததாகச் சொல்லிக்கொள்வதில் ஜென் மரபுக்குப் பெருமை இருந்தது என்பது மட்டும் உறுதி.

இந்தியாவில் துறவி மண்ணைத் தோண்டக் கூடாது, செடியை வெட்டக் கூடாது. உழைப்பு ஊராருடையது, உணவு அவர்கள் இட்டது. சீன மலைமடங்களில் துறவிகள் தாங்களே கொத்தவும் விதைக்கவும் தொடங்கினார்கள். இதற்கு அடையாளமாக நிற்பவர் 814-ல் மறைந்த பைஜாங். தள்ளாத வயதிலும் வயலுக்குப் போனவரைப் பார்த்து இரக்கப்பட்ட சீடர்கள், அவருடைய கருவிகளை ஒளித்து வைத்தார்கள். அன்று அவர் சாப்பிட மறுத்துவிட்டார். உழைக்காத நாளில் தமக்குச் சோறு இல்லை என்பது அவர் கணக்கு. பிச்சை ஏந்திய பாத்திரம் உழைத்தவரின் பாத்திரமானது இப்படித்தான்.

1223-ல் ஜப்பானிலிருந்து டோகென் என்ற இளம் துறவி கப்பலில் சீனா வந்தார். துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது, ஒரு மடத்தின் சமையல் பொறுப்பாளர் ஜப்பானியக் காளான் வாங்க வந்தார். வயது அறுபத்தொன்று. இந்த வயதில் தியானம் செய்யாமல், நூல் படிக்காமல் சமையல் வேலையில் ஏன் அல்லல்படுகிறீர்கள் என்று டோகென் கேட்டார். பயிற்சி என்றால் என்னவென்று உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று கிழவர் சிரித்தார். பிறகு தியான்தோங் மடத்தில் இன்னொரு முதியவர், கொளுத்தும் வெயிலில் தொப்பிகூட இல்லாமல் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். ஓர் ஆளை வைத்துச் செய்யலாமே என்றதற்கு, அடுத்தவர் நானாக முடியாதே என்றார்.

இந்த இரண்டு பேரையும் டோகென் மறக்கவில்லை. 1237-ல் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசியில் கல் பொறுக்கும்போது ஒரு மணிகூடச் சிந்தக் கூடாது. களைந்த நீரையும் கவனமின்றிக் கொட்டக் கூடாது. உயரத்தில் வைக்க வேண்டியதை உயரத்திலும் தாழ வைக்க வேண்டியதைத் தாழவும் வைக்க வேண்டும் என்று அதில் அடுப்படி வேலையே ஞானப் பயிற்சியாக விரிகிறது. 1246-ல், ஜப்பானில் தாம் நிறுவிய ஏஹேஜி மடத்தில், பாத்திரத்தை எப்படி ஏந்தி உண்பது என்பதற்கும் விதிமுறை எழுதினார்.

அந்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தியானம் செய்யும் இடத்திலேயே உட்கார்ந்து, துணி முடிச்சை அவிழ்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணங்கள். ஓரியோகி என்று பெயர். ஜப்பானில் இவை மரத்தில் கறுப்பு அரக்கு மெருகிட்டவை. பெரிய கிண்ணம்தான் புத்தரின் பாத்திரம். அடி உருண்டையாக இருப்பதால் அதைச் சிறு வளையத்தின்மேல் வைக்கிறார்கள். இந்த உணவு வந்து சேர எத்தனை பேர் பாடுபட்டார்கள், இதற்கு நான் தகுதியானவனா என்று எண்ணிப் பார்த்த பிறகே முதல் வாய். உண்டு முடித்ததும் துணி சுற்றிய ஒரு குச்சியால் வழித்து, வெந்நீர் விட்டு, பெரியதிலிருந்து சின்னதற்கு அதே நீரை மாற்றிக் கழுவுகிறார்கள். அந்த நீரில் கொஞ்சத்தைக் குடித்துவிடுகிறார்கள். துடைத்து அடுக்கி மறுபடி முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. எச்சில் பாத்திரம் என்று யார் தலையிலும் எதுவும் விழுவதில்லை.

1959-ல் சான் பிரான்சிஸ்கோ வந்த ஜப்பானிய ஜென் துறவி ஷுன்ரியு சுசுகி, 1967-ல் கலிபோர்னியா மலைக்குள் டசஹாரா மடத்தை நிறுவினார். ஓரியோகி அங்கேயும் போய்ச் சேர்ந்தது. அந்த மடத்துச் சமையலறையில் ரொட்டி சுட்ட எட்வர்ட் எஸ்பே பிரவுன் 1970-ல் எழுதிய ரொட்டிப் புத்தகம் உலகப் புகழ் பெற்றது.

இன்று ஜென் என்றால் அலுவலக மன அழுத்தத்துக்கு மருந்து, அழகாகக் காலியாக வைத்த மேஜை என்று பலர் எண்ணுகிறார்கள். பாத்திரம் வந்த வழி அதைவிடக் கண்டிப்பான ஒன்றைச் சொல்கிறது: உன் பங்கு வேலையை நீயே செய், அதன் கழுவித் துடைக்கும் கடைசிப் பகுதி வரை செய். அலுவலகத்தில் அரைகுறையாக முடித்த கோப்பு இன்னொருவர் மேஜைக்குப் போகிறது. வீட்டில் சாப்பிட்ட தட்டு பெரும்பாலும் ஒரு பெண்ணின் கைக்குப் போகிறது. ஜென் பழக விரும்புகிறவர்கள் தியான வகுப்பைத் தேடிப் போகுமுன், இன்று இரவு தாம் சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவி வைக்கட்டும். நாளையும் அதைச் செய்யட்டும்.