சாகிப்பும் ஷேர்ப்பாவும்: ஒரு பந்தியின் வரலாறு

அந்நிய நாடு செல்லும் பயணி கூலிக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்கிறான். பகல் முழுவதும் இருவரும் ஒரே பாதையில் நடக்கின்றனர். ஒரே மழையில் நனைகின்றனர். உணவு வேளை வந்ததும் ஒருவன் மேசைக்குச் செல்கிறான்; மற்றவன் அடுப்படிக்குச் செல்கிறான். இவ்வாறு பிரிந்து செல்லும்படி யாரும் அவ்விடத்தில் கட்டளை பிறப்பிப்பதில்லை. இருவரும் தத்தம் இடத்தை முன்கூட்டியே அறிந்திருக்கின்றனர்.

வழிகாட்டியை உடன் உண்ண அழைக்கலாமா, அழைத்தால் செலவு யாரைச் சேர்ந்தது, அவன் மறுத்தால் வற்புறுத்தலாமா என்பனவற்றைப் பயணத்துக்கு ஆலோசனை கூறுவோர் உபசார விதிகளாகவே எழுதிச் செல்கின்றனர். சமபந்தி போசனத்துக்காக நமது நாட்டில் நடந்த போராட்டங்களை அறிந்தவர்கள் அவ்வளவில் திருப்தியடைய மாட்டார்கள். பந்தி பிரியும் இடத்தில் உழைப்பின் விலையும் பிரிகிறதா என்று அவர்கள் கேட்பார்கள். இக்கேள்விக்கு இமயமலை ஏற்றத்தின் வரலாறு தரும் விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. கூலி கொடுப்போனும் கூலி பெறுவோனும் ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொண்டு உயிரைப் பணயம் வைத்த இடம் அது.

இத்தொழில் முதலில் உருப்பெற்றது ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலையிலேயாகும். ஜெனீவா நகரத்து அறிஞரான டி சோசூர் 1787இல் மோன் பிளாங் சிகரத்தில் ஏறியபோது 18 வழிகாட்டிகள் அவருடன் சென்றனர். 1820இல் அம்மலையில் நேர்ந்த பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் மாண்டனர். அடுத்த ஆண்டே சமோனி வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவிக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயக் கனவான்கள் கோடைதோறும் அம்மலைகளுக்கு வந்தனர். மலையில் வழிகாட்டியின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த கனவான், விடுதிக்குத் திரும்பியதும் தனது மேசையை நாடினான். வழிகாட்டிகளுக்கென வேறு அறையும் வேறு உணவும் இருந்தன. ஆயினும் அவ்வழிகாட்டி தனது சொந்த ஊரில், தனது சங்கத்தின் பாதுகாப்பில் நின்றவன் என்பதை மறத்தலாகாது.

அதே வழக்கம் இமயமலைக்கு வந்தபோது ஏகாதிபத்தியமும் அதனுடன் சேர்ந்தே வந்தது. ‘சாகிப்’ என்ற சொல்லே போதிய சான்று. 1920களில் பிரித்தானியர் நடத்திய எவரெஸ்ட் பயணங்களில் சாகிப்களுக்காகத் தகரப் பேணிகளில் அடைத்த காடை இறைச்சியும் ஷாம்பேன் மதுவும் மலைக்குச் சென்றன. அவற்றைச் சுமந்தவர்களின் உணவு வறுத்த வாற்கோதுமை மாவும் உப்பிட்ட தேநீருமாகும். சுமந்தவன் மாவை உண்ண, சுமக்கப்பட்டதை வேறொருவன் உண்டான்.

இதற்கு விலக்கானவர்களும் இருந்தனர். ஸ்கொத்லாந்து இரசாயன அறிஞரான கெல்லாஸ், 1907ஆம் ஆண்டு முதல் சிக்கிம் மலைகளில் பயணம் செய்தவர். சுவிஸ் வழிகாட்டிகளால் திருப்தியடையாத அவர், பின்னர் வேறு ஐரோப்பியர் எவருமின்றி ஷேர்ப்பாக்களுடனேயே பல சிகரங்களை ஏறினார். ஷேர்ப்பாக்களின் ஆற்றலை மேலைநாட்டாருக்கு முதலில் உணர்த்தியவர்களுள் அவர் முக்கியமானவர். 1921இல் எவரெஸ்ட்டை நோக்கிச் சென்ற முதற் பயணத்தில் வழியிலேயே அவர் உயிர் நீத்தார்.

1922 ஜூன் 7ஆம் திகதி வடக்குக் கணவாய்ச் சரிவில் பனி பெயர்ந்து ஏழு சுமைகாரர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவரும் மாளவில்லை. தம்மவருள் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருக்கக்கூடாதா என்ற ஏக்கத்தை அப்பயணத்தில் இருந்த மருத்துவர் சொமர்வெல் பின்னர் எழுதினார். தென்திருவிதாங்கூரின் நெய்யூர் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் பணியாற்றியதனால் அப்பகுதித் தமிழ் மக்களுக்கு அறிமுகமானவரும் இவரே. மரணத்தில் பங்கில்லாமை அவரை வருத்தியது. உணவில் பங்கில்லாமை அக்காலத்தில் எத்தனை சாகிப்களை வருத்தியிருக்கும்?

1934இல் ஷிப்டனும் டில்மனும் அங்தார்கே முதலிய மூன்று ஷேர்ப்பாக்களுடன் நந்தாதேவி மலைப் பள்ளத்தாக்கினுள் புகுந்தனர். ஐவரும் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்து அந்நாட்டு உணவையே உண்டனர். பெரும் பயணங்களின் ஆடம்பரத்தை வெறுத்த இவ்விருவருக்கும் சிக்கனமே முதல் நோக்கமாக இருந்தது. ஆயினும் சிக்கனம் சாதித்ததைப் பலரது பெருந்தன்மை சாதிக்கவில்லை. சாமான் குறைந்தது, சுமப்போர் குறைந்தனர், இரண்டு அடுப்புகள் மூட்டுவதற்கு வேண்டிய விறகும் இல்லை. பந்தி ஒன்றாயிற்று.

இவ்வரலாற்றில் 1952ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. அவ்வாண்டு சுவிஸ் குழுவினர் எவரெஸ்ட் ஏற முயன்றனர். ஷேர்ப்பாக்களின் தலைவராக அமர்த்தப்பட்ட டென்சிங் நோர்கேயை அவர்கள் ஏறும் உறுப்பினருள் ஒருவராகவும் ஏற்றுக்கொண்டனர். அவருக்கு இணையாக ஏறியவர் ரேமொன் லம்பேர். இந்த லம்பேர் யார்? ஜெனீவாவைச் சேர்ந்த தொழில்முறை மலைவழிகாட்டி. பிறரிடம் கூலி பெற்று அவர்களை மலைக்கு அழைத்துச் சென்றவர். 1938இல் பனியினால் கால்விரல்களை இழந்தவர். சாகிப்பும் ஊழியனும் ஏறினர் என்பதைவிட, இரண்டு நாட்டு வழிகாட்டிகள் ஏறினர் என்பதே பொருந்தும். சுவிஸ் மக்களின் நற்குணத்தை இவ்விடத்தில் புகழ்வோர் பலர். எனக்கோ, இருவரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதே முதற்காரணமாகப்படுகிறது.

மே மாதம் 27ஆம் திகதி இரவை இவ்விருவரும் ஏறத்தாழ 8,400 மீற்றர் உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் கழித்தனர். உறங்குபைகள் இல்லை, அடுப்பும் இல்லை. ஒருவரது மொழி மற்றவருக்குத் தெரியாது. வெறும் தகரப் பேணியொன்றில் பனிக்கட்டியை இட்டு, மெழுகுதிரிச் சுடரில் உருக்கி நாவை நனைத்துக்கொண்டனர். உறங்கினால் உறைந்துவிடுவர் என்பதனால் ஒருவரையொருவர் தட்டி விழித்திருந்தனர். மறுநாள் 8,600 மீற்றர் அளவு வரை சென்று திரும்பினர். அதுவரை அம்மலையில் எவரும் அவ்வுயரத்துக்கு மேல் சென்றதாக உறுதியான சான்று இல்லை. அந்த மெழுகுதிரி விருந்தில் விருந்தளித்தவர் யார், விருந்தினர் யார் என்று பிரித்தல் இயலாது. லம்பேர் நட்பின் அடையாளமாக அளித்த சிவப்புக் கழுத்துத்துணியை அணிந்தே அடுத்த ஆண்டு டென்சிங் சிகரத்தில் நின்றார்.

அந்த அடுத்த ஆண்டின் கதை காத்மண்டுவில் தொடங்குகிறது. 1953 மார்ச் மாதத்தில் பிரித்தானியத் தூதரகத்துக்கு வந்து சேர்ந்த ஷேர்ப்பாக்களுக்கு, முன்பு குதிரை லாயமாக இருந்த ஒரு கொட்டிலின் தரை காட்டப்பட்டது. மலசலகூட வசதியும் இல்லை. டென்சிங்குக்கு மாத்திரம் தூதரகத்துள் ஒரு படுக்கை தருவதாகக் கூறினர். ஒருவரை மேலே ஏற்றி மற்றோரைக் கீழே விடும் இத்தந்திரம் நம்மவர்க்கும் புதிதன்று. மறுநாட் காலை ஷேர்ப்பாக்கள் தூதரகத்தின் முன்னால் சிறுநீர் கழித்துத் தமது எதிர்ப்பைத் தெரிவித்தனர். அவர்களது செயல் நாகரிகமற்றது என்று முகஞ்சுழித்தவர்கள், மலசலகூடமில்லாத கொட்டிலைக் கண்டு முகஞ்சுழிக்கவில்லை. தமக்கு வழங்கிய உடைகளையும் கருவிகளையும் பயண முடிவில் திருப்பித் தரவேண்டும் என்ற ஏற்பாடும் பிணக்காயிற்று. சுவிஸ் குழுவினர் அவற்றை அவர்களுக்கே விட்டிருந்தனர்.

362 சுமைகாரர் சுமந்துசென்ற அப்பயணம் மே 28ஆம் திகதி இரவில் ஒரேயொரு கூடாரமாகச் சுருங்கிற்று. ஏறத்தாழ 8,500 மீற்றர் உயரத்தில் டென்சிங்கும் ஹில்லரியும் ஒரே அடுப்பில் சூப் காய்ச்சி அருந்தினர். பிஸ்கட்டின்மேல் சாடின் மீன் வைத்து உண்டனர். அப்ரிகொட் பழமும் பேரீச்சம்பழமும் தேனும் இருந்தன. மறுநாள் சிகரத்தில் டென்சிங் தமது நம்பிக்கைப்படி பிஸ்கட்டும் இனிப்பும் சொக்கலேற்றும் பனியில் புதைத்துப் படையலிட்டார். கீழிறங்கிய பின்னர் ஹில்லரிக்கும் தலைவர் ஹண்டுக்கும் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம் கிடைத்தது. மேலே ஒன்றாயிருந்த பந்தி கீழே மீண்டும் இரண்டாயிற்று. எழுத்தறியாத டென்சிங் பிறர் துணைகொண்டு 1955இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஆங்கிலேயரின் துணிவையும் நேர்மையையும் பாராட்டுகிறார். ஆயினும் தமக்கும் பிறருக்கும் இடையே, விசேடமாக எசமானுக்கும் ஊழியனுக்கும் இடையே, ஒரு கோட்டை அவர்கள் அழித்ததில்லை என்பதையும் மறைக்காது கூறுகிறார்.

1954இல் டார்ஜிலிங்கில் இமயமலை ஏற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டபோது களப்பயிற்சி இயக்குநராக டென்சிங் பொறுப்பேற்றார். அவ்வூர் ஷேர்ப்பாக்களின் சங்கம் கூலியையும் நட்டஈட்டையும் குறித்துப் பேசத் தொடங்கியதும் அக்காலத்திலேயே.

இன்றும் மலையடிவார முகாம்களில் பணம் செலுத்தி வந்தோருக்கு ஓர் உணவுக் கூடாரமும் பணியாளருக்குச் சமையற் கூடாரமும் இருப்பதே பொதுவழக்கு. நல்லெண்ணம் படைத்த பயணியொருவன் வழிகாட்டியைத் தன் மேசைக்கு அழைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அமர்ந்தால் அவன் அந்நிய மொழியில் பேசவேண்டும், சிரிக்கவேண்டும், கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை கூறவேண்டும். அடுப்படியிலோ பருப்பும் சோறும் தோழரும் இருக்கின்றனர். அழைப்பை ஏற்றால் அவனது வேலைநேரம் நீளுகிறது. மறுத்தால் எசமானின் மனம் கோணுமோ என்ற அச்சம். கூலியையும் சன்மானத்தையும் தீர்மானிப்பவனுடைய அழைப்பு முழுமையான அழைப்பாகாது. அதில் கட்டளையின் சாயல் எப்படியும் படிந்திருக்கும்.

நமது நாட்டில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச்செல்லும் சாரதிகளின் நிலையும் இத்தகையதே. பல ஹோட்டல்களில் சாரதிகளுக்கென ஓர் அறையும் உணவும் உண்டு. அவ்வறையில் மின்விசிறி சுழல்கிறதா, காலையில் எழுந்து மலைநாட்டு வளைவுகளில் வண்டி ஓட்டவேண்டியவனுக்கு உறங்க இடமிருக்கிறதா என்பதை அறியாமலே, அவனை ஒருவேளை உணவுக்கு அழைத்த பெருமையோடு ஊர் திரும்புவோர் பலர். அவனுடைய உணவுப்படி கூலியிற் சேர்ந்ததா, அன்றி அவனே தன் கையிலிருந்து செலவழிக்கிறானா என்று பயணத்தின் தொடக்கத்திலேயே கேட்டறிவது அத்துணைக் கடினமான செயலன்று. உபசாரத்தைக் காட்டிலும் சுவை குறைந்த கேள்வி என்பதனாற் போலும் அதனைக் கேட்பவர் குறைவு.

2014 ஏப்ரில் 18ஆம் திகதி கும்பு பனிச்சரிவில் நேபாளப் பணியாளர் 16 பேர் மாண்டனர். வாடிக்கையாளர் ஏறுவதற்கு முன்னர் பாதை அமைத்து, உணவையும் கூடாரங்களையும் மேலே கொண்டு சென்றவர்கள் அவர்கள். ஈமச்செலவுக்கென நேபாள அரசாங்கம் முதலில் அறிவித்த தொகை குடும்பமொன்றுக்கு 40,000 நேபாள ரூபா. முகாமில் ஷேர்ப்பாக்கள் கூடினர்; காப்புறுதித் தொகையை உயர்த்துமாறும் இறந்தோர் குடும்பங்களுக்கு நிவாரண நிதி ஏற்படுத்துமாறும் கோரினர். பின்னர் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினர். சமைப்பாரும் சுமப்பாரும் இன்றி, உணவுக் கூடாரங்களில் இருந்தோரும் அவர்களின் பின்னால் இறங்கினர்.