அஞ்சலில் வந்த மகரந்தம்

ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி மரங்களில் பூக்கும் பேரீச்சையில், ஆண் பாளையின் தூளைப் பெண் பாளையில் கையால் சேர்க்கும் வழக்கம் மெசப்பொட்டேமியாவில் மிகப் பழையது; கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹம்முராபி சட்டத்தொகுப்பே, இவ்வேலைக்காகத் தோப்பை ஏற்கும் தோட்டக்காரனுக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு என வகுத்துள்ளது. இரு பாளைகளும் எப்போதும் ஒரே சமயத்தில் விரிவதில்லையாதலால், ஆண் பூங்கதிர்களை உலர்த்திச் சேமிக்கும் தேவை எழுந்தது. மகரந்தத்தின் ஆயுள் பற்றிய கேள்வியும் தோப்பில்தான் முதலில் பிறந்திருக்க வேண்டும்.

1749இல் பெர்லின் தாவரத் தோட்டத்தில், காய்க்காமலே நின்ற குட்டைப்பனைப் பெண்மரம் ஒன்றின் மீது, லைப்சிக்கிலிருந்து அஞ்சலில் வந்த மகரந்தத்தைத் தாவரவியலாளர் கிளெடிட்ச் தூவினார். மரம் காய்த்தது, விதைகளும் முளைத்தன. பயணத்தைத் தாங்கிய அத்தூள், தாவரங்களிலும் ஆண், பெண் என்ற பால் வேறுபாடு உண்டா என்ற அக்காலச் சர்ச்சையில், உண்டு என்பதற்கு வலுவான சான்றாயிற்று.

மூப்படையும் மகரந்தத்தில் உயிர்ப்பும் கருவுறுத்தும் திறனும் ஒருசேரக் குறைவதில்லை. சாயமேற்றிப் பார்க்கையில் உயிருள்ளதாகத் தோன்றும் பழைய தூளிலும், சூலை நோக்கி நீள வேண்டிய நுண்ணிய மகரந்தக்குழல் பாதி வழியிலேயே நின்றுவிடக்கூடும். உலர்ந்து குளிர்ந்த நிலையில் பேரீச்சைத் தூள் அடுத்த பருவம் வரை பயன்படும்; கோதுமையின் தூளோ வயல்வெளியில் ஒரு மணி நேரம் தாங்குவதே அரிது.