லயத்து வீடும் நிலத்து உரிமையும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் புதிதன்று. பெயரையும் ஊரையும் கேட்டபின் வாடகை திடீரென உயர்வதும், காலியாயிருந்த வீடு நொடியில் நிரம்பிவிடுவதும் நாம் கண்டறிந்தவையே. வாடகையே கேளாத வீடு ஒன்று மூன்று தலைமுறைத் தமிழரை ஒரு மலையிற் பிணித்து வைத்த வரலாற்றையோ நம்மிற் பலர் அறியார்.

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி மூணாறு செல்வோர் தேயிலைச் சரிவுகளுக்கிடையே நீண்ட கட்டடங்களைக் காண்பர். ஒரே கூரை, அதன்கீழ் அடுத்தடுத்துக் கதவுகள். கதவுக்குப் பின்னே ஓர் அறை, ஓர் அடுப்படி. இவ்வளவே ஒரு குடும்பத்தின் உலகம். வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம்மவர் நாவிற் பட்டு ‘லயம்’ என்றாயிற்று. இசையின் லயத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். ஏறத்தாழ 1,37,000 ஏக்கர் நிலம் ஒரே ஒப்பந்தத்தில் கைமாறியது. காட்டை அழிக்கவும் கொழுந்து பறிக்கவும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். கங்காணி கொடுத்த முன்பணமே அவர்களை மலையேற்றிற்று. அவர்களுட் பெரும்பாலோர் ஊரிலும் சொந்த நிலமின்றிச் சேரியில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினர். ஆள் ஓடிவிடாமல் காக்கவும், விடியற்காலையில் எண்ணிப் பார்த்து வேலைக்கு அனுப்பவும் லயம் வசதியாயிருந்தது. இலங்கை மலையகத்துத் தோட்டங்களிலும் இதே அமைப்பைக் காணலாம்.

சுதந்திரத்துக்குப்பின் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என்று அது விதித்தது. நல்ல சட்டமே, ஆயினும் அதன் உள்ளே ஒரு முடிச்சு இருந்தது. வீடு வேலைக்கு உரியது, மனிதனுக்கு உரியதன்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெறும் தாய், கூரையைக் காப்பாற்றும் பொருட்டுத் தன் பிள்ளைகளுள் ஒருவரைத் தோட்ட வேலையிற் சேர்த்துவிடுவது இம்மலைகளில் வழக்கமாயிற்று. படித்த பிள்ளையும் சிலவேளை கொழுந்துக் கூடையைத் தூக்கியது இதனாலேயே.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தமிழர் திரளாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துடன் நின்றன. மலைத் தமிழர் வந்து போகும் கூட்டமே என்ற வாதம் அக்காலத்தில் ஓங்கி ஒலித்தது. சொந்த வீடும் நிலமும் இல்லாதவனை வந்துபோகிறவன் என்று சொல்வது எவ்வளவு எளிது!

அடுத்து வந்த திருப்பம் இன்னும் முக்கியமானது. கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் 1970-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்தோருக்கு ஊராட்சிப் பகுதியில் பத்துச் சென்ட் வரை உரிமை கிட்டியது. இந்தியாவே வியந்த செயல் அது, நாமும் போற்றுகிறோம். ஆனால் தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டன. சமவெளியிற் குடிசைவாசி நிலத்துக்கு உடையவனான அதே காலத்தில், லயத்துத் தொழிலாளி லயத்திலேயே இருந்தான். மலையிலும் சமவெளியிலும் உள்ள ஏழையரிடையே இன்று காணும் வேற்றுமைக்கு இதனினும் பெரிய காரணம் வேறொன்று நமக்குத் தோன்றவில்லை.

சாதிச் சான்றிதழ் இன்னொரு தடை. 1950-க்கு முன்னரே குடும்பம் இம்மாநிலத்தில் வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. தோட்டத்துப் பழைய பேரேட்டையன்றி வேறு காகிதம் இல்லாதவர் எதைக் காட்டுவர்? சான்றிதழ் இன்றேல் தாழ்த்தப்பட்டோருக்கான வீட்டுத் திட்டங்களும் எட்டா. பாலக்காட்டு எல்லையிலும் இந்நிலையின் சாயல் உண்டு. முதலமடை ஊராட்சியில் கோவிந்தாபுரத்து அம்பேத்கர் குடியிருப்பில் வாழும் சக்கிலியர், தேநீர்க் கடையிலும் குடிநீர்க் குழாயிலும் தம்மை ஒதுக்குவதாக 2017-இல் முறையிட்டனர். அதே மாவட்டத்துக் கல்பாத்தி அக்கிரகாரத்தின் அழகிய தெருக்களைக் காணச் செல்வோர் இவ்வூர்ப் பக்கம் திரும்புவது அரிது.

2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து, பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. ஒழுகும் கூரையைச் செப்பனிட ஆளில்லை, விட்டுப்போகவும் இடமில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டுத் தெருவில் அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என்ற அப்போராட்டம் போனசுக்காகவும் கூலிக்காகவும் எழுந்ததாயினும், ஓரறை வாழ்வின் புழுக்கமும் அங்கே வாய்விட்டுப் பேசப்பட்டது.

2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு. இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைபேசியும் அற்ற நிலையில், மறுநாட் காலையிலேதான் செய்தி வெளியுலகை எட்டிற்று. எழுபது பேர் மறைந்தனர். நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. அவர்களுட் பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தினர். மறுநாள் இரவு கோழிக்கோட்டு விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சமும், பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சமும் மாநில அரசு அறிவித்தபோது எழுந்த கேள்வியை மூணாற்றில் இன்னும் கேட்கலாம்.

தப்பியவருள் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார் பள்ளத்தாக்கில் ஐந்து ஐந்து சென்ட் நிலத்தில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. அவ்வீடுகளுக்குத் தனித்தனிக் கூரை, நிலத்துக்குப் பட்டா.